ஒரு டிரம் குறைகிறது

மணிமொழி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். நேராகப் பின்பக்கம் போய்த் தண்ணீர் டிரம்மின் மூடியைத் தூக்குவாள், டார்ச் அடித்துப் பார்ப்பாள். உள்ளே புழு நெளிந்தால் அப்புறம் வீட்டுக்காரிக்கு அர்ச்சனைதான். கொசுப்புழு பார்க்கும் தினக்கூலி வேலையில் அவளுக்கு இது ஒன்பதாவது வருஷம். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டையும் அவள் விடுவதில்லை. தட்டை உருவும் சாக்கில் கதவையும் ஒரு தரம் திறந்து பார்த்துவிடுவாள். அது அவள் வேலையில் சேர்த்தி இல்லை. ஆனாலும் யார் வீட்டில் முந்தாநாள் குழம்பு இருக்கிறது என்பதுவரை அவளுக்கு அத்துப்படி.

மலையை ஒட்டி மேடேறும் அந்தத் தெருவில் கதவு எண்கள் மொத்தம் இருபத்தேழு. மணிமொழியின் நோட்டிலோ நாற்பத்தொரு டிரம் இருந்தன. ஒரே வாசலுக்குள் இருக்கும் குடித்தனங்கள் மின்சார மீட்டரைப் பங்கு போட்டுக்கொள்ளும், துணி காயப்போடும் கொடியைப் பங்கு போட்டுக்கொள்ளும், சண்டை வந்தால் சாபத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும். டிரம்மை மட்டும் பங்கு போடாது. மூன்று நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் விடும் தெருவில் அதில் உறவும் கிடையாது, நட்பும் கிடையாது. ஆகவே ஒரு டிரம் என்றால் ஒரு அடுப்பு. இந்தக் கணக்கை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பத்தொன்பதாம் எண்ணில் இரண்டு டிரம். நீல டிரம் வீட்டுச் சொந்தக்காரர் மதார் சாகிப்புடையது. இரும்புக் கடை வைத்திருப்பவர். பச்சை டிரம் பின்போர்ஷனில் தனியாகக் குடியிருக்கும் தங்கம்மாளுடையது. வெள்ளைக்காரர்கள் சாப்பிட வரும் ரமணாசிரமம் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் காய் நறுக்குவதும் மாவு பிசைவதும் தங்கம்மாளின் வேலை. சர்க்கரை வியாதிக்காரி. தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த மருந்து பாட்டில் இருப்பது சாகிப் வீட்டு ஃபிரிட்ஜில், முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில். இதுவும் மணிமொழிக்குத் தெரியும் என்று சொல்லவேண்டியதில்லை.

சாகிப் நல்ல மனிதர். பண்டிகை பிரியாணி முதலில் பின்போர்ஷனுக்குத்தான் போகும். ஆனால் வாடகைக்கு விட்டிருப்பது தெரிந்தால் வீட்டு வரி ஏறிவிடும் என்று அவருக்கு ஒரு பயம். ஆபீஸ்காரர் யார் வந்து கேட்டாலும் எங்கள் வீட்டு மனுஷி என்று சொல் என்று தங்கம்மாளிடம் சொல்லிவைத்திருந்தார். தங்கம்மாளுக்கும் பயம் உண்டு. அந்த வாடகைக்கு இந்த ஊரில் வேறு அறை கிடைக்காது என்பதால் கிளிப்பிள்ளையாக ஒப்பித்துவந்தாள்.

மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் தெருவுக்கு மேலே மண்ணும் கல்லும் சரிந்தது. உடனே எல்லோரும் காலி செய்ய வேண்டும், பஸ்ஸில் போய் வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. பட்டியல் எடுக்க வந்த அலுவலர் சரவணகுமார் வாசல் வாசலாக ஓடினார். தங்கம்மாளைக் கேட்டபோது பழக்க தோஷத்தில், பாய் வீட்டு ஆள் என்று சொல்லிவிட்டாள். நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெண்மணி சாகிப் வீட்டு ஆள் ஆகிவிட்டதை அந்த மழையில் அவர் எங்கே கவனிக்கிறார்? சாகிப் குடும்பம் கீழ்பென்னாத்தூரில் மகள் வீட்டுக்கு வேனில் கிளம்பிக்கொண்டிருந்தது. அனைவரும் வெளியூர் என்று எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

மண்டபத்தில் உப்புமா சூடாக இருந்தது. மணிமொழியை டோக்கன் கொடுக்க வைத்திருந்தார்கள். சரவணகுமாரின் தாளில் எல்லாக் கதவும் சரியாக இருந்தது. மணிமொழிக்குத்தான் கணக்கு உதைத்தது. நோட்டை எடுத்து டிரம் டிரம்மாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். வெளியூர் போனதையும் மண்டபத்துக்கு வந்ததையும் கூட்டினால் நாற்பது. ஒரு டிரம் குறைந்தது. பச்சை டிரம்.

மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த நர்ஸ் அபிநயாவிடம் ஓடினாள். தெருவில் தினமும் மருந்து வேண்டியவர்களை எழுதிய அபிநயாவின் லிஸ்ட்டில் தங்கம்மாள், இன்சுலின் என்று தெளிவாக இருந்தது. அதன்மேல் ஒரு கோடும் இருந்தது. வெளியூர் என்று சரவணகுமாரின் தாள் சொன்னதால் அபிநயாதான் அடித்திருந்தாள். மணிமொழி சாகிப்புக்குப் போன் போட்டு, தங்கம்மாள் அங்கே இல்லையா என்று கேட்டாள்.

"இன்னா சொல்ற? வேன்ல எடமில்ல, பஸ்ல வரேன்னு சொன்னாங்களே" என்றார் சாகிப். உடனே கிளம்பி வருவதாகவும் சொன்னார். மருந்து பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

வேன்காரர்கள் பஸ் என்று நினைத்தார்கள், பஸ்காரர்கள் வேன் என்று நினைத்தார்கள். மணிமொழிக்கு எல்லோர்மேலும் கோபம் கோபமாக வந்தது. சரவணகுமாரின் தாளைப் பிடுங்காத குறையாக அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், உங்க லிஸ்ட்ல கதவு இருக்குது. என் லிஸ்ட்ல ஆளு இருக்குது. ஒரு ஆளு அங்கயே மாட்டிக்கினு இருக்குது."

சரவணகுமார் விவாதம் பண்ணவில்லை. அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். உடனே தீயணைப்பு வண்டிக்குச் சொன்னார். அடையாளம் காட்ட மணிமொழியும் ஏறிக்கொண்டாள். தெருமுனைத் தடுப்பில் நின்ற போலீஸ்காரர், உள்ளே யாரும் இல்லை, லிஸ்ட் பார்த்தாச்சு என்றார். வண்டி நிற்காமல் போயிற்று.

பின்போர்ஷன் கதவு சாத்தியிருந்தது. தங்கம்மாள் துணிப்பையைக் கட்டிப்பிடித்தபடி தரையில் கிடந்தாள். முந்தின சாயந்தரமே அவள் ஊசி போடவில்லை. மழைக்குப் பயந்து சாகிப் வீட்டு ஹாலில் அப்போதே மூட்டை கட்டும் அமளி. நடுவில் போய் நிற்கக் கூச்சம். காலையில் பையை எடுக்க உள்ளே வந்தவள் வாந்தி எடுத்து, தலை சுற்றிச் சாய்ந்துவிட்டாள். மேலே எங்கோ கல் உருளும் சத்தம் கேட்டது. இரண்டு வீரர்கள் அவளை அலாக்காகத் தூக்கினார்கள். மணிமொழி கூடவே ஓடினாள். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரு டிரம்மின் மூடியைத் திறந்து பார்க்காமல் வந்தாள். வண்டியில் ஏறியதும் அழுதுவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நாலு மணிக்கெல்லாம் தங்கம்மாள் எழுந்து உட்கார்ந்து, டீயில் சர்க்கரை இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டாள். பிழைத்துவிட்டாள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வழியில் புதிதாக வாங்கி ஈரத்துணியில் சுற்றிய மருந்து பாட்டிலோடு சாகிப் ஓடிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

மறுநாள் காலை கீழ்த்தெருவைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பஸ் எடுப்பதற்கு முன்னால் தன் லிஸ்ட்டையும் அபிநயாவின் லிஸ்ட்டையும் மணிமொழியின் நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிடலாம் என்று, ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த சரவணகுமார் சொன்னார். நோட்டு அவர் கைக்கு வராது, ஆனால் தான் வருவதாக மணிமொழி சொன்னாள். அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தார்.

"சரியா எழுதிடலாம்மா. பாய்க்கு நீங்க இன்னா ஒறவு?"

தங்கம்மாள் சாகிப்பைப் பார்த்தாள். பயம் இன்னும் போகவில்லை.

"ஒறவு இல்லீங்க. பின்னால வாடகைக்கு இருக்கேன். நான் ஒருத்திதான்."

சரவணகுமார் சாகிப்பை ஏறிட்டார். சாகிப் மருந்து பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

"தனியா எழுதுங்க சார். வரி ஏறினா ஏறட்டும்" என்றார்.