பொப் பாடகன் றஊப் போட்ட கத்தல்

திருகோணமலைக் கலியாண வீடுகளில் றஊப் பொப் பாட்டுப் பாடினால் கிழடுகளும் எழும்பி ஆடும். பனங்கட்டிக் குரல். அந்தக் குரல் முதலில் பழகியது ஹெவி ரொக் இசையில் என்றால் எவன் நம்புவான்? நான் நம்புவேன். அவனுக்கு ட்ரம்ஸ் அடித்தவன் இந்தச் செல்லத்தம்பிதானே!

எழுபத்திரண்டில் லிங்கநகர்ச் சனம் சத்தம் தாங்காமல் எங்கள் குழுவைத் துரத்திவிட்டது. பிறகு கிண்ணியாத் துறைக்கு இக்கரையில், லொறி பட்டரியில் கிற்றாரை மாட்டி நாங்கள் வாசிக்க, றஊப் தொண்டை கிழியக் கத்துவான். ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவையைப் பாதை என்போம். அதை ஓட்டியவர் பக்கீர் காக்கா. "அந்தக் கத்துற ஷைத்தான் ஆரெண்டு தெரிஞ்சா தண்ணிக்குள்ள அமத்துவன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆள் யாரென்று அவருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான் தெரியும்.

கூத்தைப் பாருங்கள், நாலு வருசம் கழித்துப் பொப் பாடகன் றஊபுக்கு நிச்சயமானவள் அதே பக்கீரின் மகள் அசனா! "தெரிஞ்சா கலியாணம் நிண்டிரும் மச்சான், வாயைத் திறந்திராத" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினான்.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளை வீட்டாராகத் துறைக்கு வந்தால், பாதை அக்கரையில் சும்மா கிடக்கிறது. ஓட்ட ஆளில்லை. சந்தோசத்தில் பக்கீர் பாதைக்காரர் எல்லாரையும் கலியாணச் சோற்றுக்குக் கூப்பிட்டுவிட்டார். மாப்பிள்ளை தண்ணீர் கடந்து வர வேண்டும் என்பதை மனுசன் மறந்தே போனார்! நாங்கள் கூவினோம், கூவினோம். கலியாண வீட்டு ஒலிபெருக்கி அலறுகிற அலறலில் எவனுக்குக் கேட்கும்? நிக்காஹ் நேரமும் நெருங்கிவிட்டது.

"கத்தடா!" என்றேன்.

"கத்தினா பொம்பிளை இல்லை."

"கத்தாட்டியும் இல்லைத்தானே!"

தொப்பியைக் கழற்றி என்னிடம் தந்தான். அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய கத்தலை எடுத்து விட்டான். ஒலிபெருக்கியே அடங்கிப்போனது. அக்கரையில் சனம் ஓடி வந்தது, முன்னால் பக்கீர்.

பாதை வந்து எங்களை ஏற்றிப்போனது. இறங்கிய இடத்தில் பக்கீர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அப்ப நீதானா அந்த ஷைத்தான்?"

றஊப் தலையைக் குனிந்தான்.

கலியாண வீட்டில் மகளிடம் சம்மதம் கேட்கப் போனவர், எங்கள் காதில் விழவே கேட்டார்: "மகள், அந்தக் காட்டுக் கத்தல்காரன் இவன்தான். வேணாமெண்டா இப்பவே சொல்லு."

திரைக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது.

"எனக்கு எப்பவோ தெரியும் வாப்பா. அந்த நாளையில உங்களுக்குச் சோறு கொண்டு துறைக்கு ஓடி வந்ததே அந்தக் கத்தலைக் கேக்கத்தான். ஓம், சம்மதம்."

பக்கீர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"அட அல்லாஹ்! நான் என்னில பாசமெண்டெல்லோ நினைச்சனான்!"