துலையிடுதல்

பச்சை அட்டை போட்ட டைரி அது. ஒரகடத்தில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், ஐடிஐ முடித்துப் பயிற்சிக்குப் போன எங்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். சனிக்கிழமைதோறும் 'இந்த வாரம் கற்றது' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். பயிற்சி அதிகாரி கையெழுத்துப் போடுவார். எல்லா வாரமும் கையெழுத்து இருந்தால்தான் ஆண்டுக் கடைசியில் தொழில் தேர்வுக்கு உட்கார முடியும். தேறினால் வேலை.

நான் மண்ணூர்க்காரன். உற்பத்தி லைனில் என் பக்கத்தில் நின்றவர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, குன்றத்தூரில் ஒரே அறையில் ஆறு பேரோடு தங்கியிருந்தார். என்னைவிட இரண்டு வயது பெரியவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். முதல் வாரமே எங்களை லைனில் நிறுத்தினார்கள். நான்கு போல்ட்டை முடுக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த மாதமும் அதே நான்கு போல்ட். பயிற்சிக் கூடம் என்று ஒன்று இருந்தது. அதில் துளை போடும் மெஷின் தார்ப்பாய்க்குள் கிடந்தது. வெளியாட்கள் பார்வையிட வந்தால் தார்ப்பாயை எடுத்துத் துடைத்து வைப்பார்கள், போனதும் மூடிவிடுவார்கள்.

டைரிக்கு ஆபீஸில் ஒரு மாதிரி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியது. எவனோ ஒரு மகராசன் அதில் 'துளையிடுதல் கற்றேன்' என்பதைத் 'துலையிடுதல் கற்றேன்' என்று எழுதியிருந்தான். நாங்கள் எல்லோரும் அந்தத் தப்போடு சேர்த்தே காப்பியடித்தோம். அண்ணாச்சி மட்டும்தான் அதைக் கண்டுபிடித்துச் சிரித்தார். "துளை போட வந்தவன துலைஞ்சு போன்னு சொல்லுதானுவ, பாத்தியாலே?" என்றார்.

அவர் காப்பியடிக்கவில்லை. 'நான்கு போல்ட் முடுக்கினேன். போன வாரமும் இதுவே' என்று எழுதினார். வாராவாரம் அதையே எழுதினார். பயிற்சி அதிகாரி டைரியை மேசைமேல் விட்டெறிந்தார். "இன்னாய்யா இது? எல்லாரும் எழுதுறத எழுதிக்கினு போயேன்!"

"அந்த மெஷின ஒரு நா தொட விடுங்க சார். அன்னைக்கு நீங்க சொல்லுத மாதிரியே எழுதுதேன்."

கையெழுத்து விழவில்லை. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, கேன்டீனில் அண்ணாச்சி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "ஒரு வாரம் நீயும் உள்ளத எழுதுலே. ஒத்த ஆளுன்னா திமிரும்பான். ரெண்டு பேருன்னா யோசிப்பான்."

"வுடு அண்ணாச்சி. எனக்கு வேல வேணும்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. தட்டைக் கழுவப் போய்விட்டார்.

அவரைத் தேர்வுக்கு உட்காரவிடவில்லை. எங்கள் செட்டிலேயே அரத்தை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்த ஒரே கை அவருடையது. அந்தக் கையைப் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். தேர்வு நடத்த வந்தவர் என் டைரியைப் புரட்டினார், பஜ்ஜி தின்றார், பாஸ் போட்டார். துளை போடும் மெஷினை எந்தப் பக்கம் திருகினால் ஓடும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று என் டைரியையே அடுத்த செட்டுக்கு மாதிரியாக வைத்துக்கொண்டார்கள்.

இப்போது நான்தான் அங்கே பயிற்சி அதிகாரி. மாதக் கூட்டத்தில் பெரியவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள்: "ஆள் வராங்க, வேல தெரிஞ்சவன் ஒருத்தனும் வர்றதில்ல." வாயில் நன்றாக வருகிறது எனக்கு. வேலை கற்க வந்தவனை ஒரு வருஷம் போல்ட் முடுக்க விட்டுவிட்டு, வேலை தெரியவில்லை என்று வாய் கூசாமல் பேசுகிறீர்களே, வெட்கமாக இல்லையா? கேட்க வேண்டியதுதான். கேட்டதில்லை. தலையாட்டிக்கொண்டு டீ குடித்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை நாற்பது டைரி என் மேசைக்கு வந்தது. அட்டை இப்போது நீலம். முதல் டைரியைத் திறந்தேன். 'துலையிடுதல் கற்றேன்.' கொண்டுவந்த பெண்ணிடம், "துளை போட்டியாம்மா?" என்று கேட்டேன். "இல்ல சார். மாதிரில அப்பிடித்தான் கீது" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின்மேல் தார்ப்பாய் கிடந்தது. பேனாவை எடுத்தேன். நாற்பதிலும் போட்டேன், அண்ணாச்சி.