பெட்டியைத் தூக்கியவள்

கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புக் கேபிள். அதன் ஒரு முனை என் அண்ணன் தோளில் இருந்த வீடியோ கேமராவில், மறுமுனை என் தோளில் தொங்கிய ரெக்கார்டரில். நடுவே எட்டடி இருந்தால் அதிகம். எண்பதுகளின் தொடக்கத்தில் சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கல்யாணங்களில் நாங்கள் இருவரும் இப்படித்தான் திரிந்தோம். அவர் திரும்பினால் நானும் திரும்ப வேண்டும், அவர் பின்வாங்கினால் நானும் பின்வாங்க வேண்டும். "தங்கச்சியக் கட்டி இழுத்துட்டு வராரு பாரு" என்று பந்தியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு ஓரிடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. இன்றைக்கும் முடியாது. அந்தக் கேபிளுக்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வார நாட்களில் அண்ணன் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தார். நான் ஒரு தொழிற்சாலையில் ரேடியோ பலகைகளைச் சோதிக்கும் வரிசையில் இருந்தேன். விளக்கு எரிகிறதா, அணைகிறதா, எரிய வேண்டிய நேரத்தில் எரிகிறதா என்று பார்ப்பதுதான் எட்டு மணி நேரமும் என் வேலை. அண்ணனின் கேமரா பழையது, யாரோ கழித்துவிட்டதை வாங்கியிருந்தார். எடுத்த படமெல்லாம் மழைநீர் வழிந்த கண்ணாடி மாதிரி கலங்கியே வந்தது. ஒருநாள் கேமராவை நேராக டிவியில் செருகிப் பார்த்தார். அம்மா முகத்தில் இருந்த மச்சம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அவர் துள்ளிக் குதித்துவிட்டார். "கேமரா மேல தப்பு இல்ல லா! பதியற பெட்டிதான் கெடுக்குது. நல்ல பெட்டி கெடச்சா போதும்!"

நல்ல பெட்டிக்கு அவசரமும் இருந்தது. ஒரு படப்பிடிப்பு நிறுவனத்தில் கேமரா உதவியாளர் வேலைக்கு மனுப்போட்டிருந்தார். திங்கட்கிழமை வரச்சொல்லி, தான் எடுத்த படம் ஒன்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு வயது முப்பத்தொன்று. கிடங்கை விட்டு வெளியேற வேறு வழி எதுவும் அவருக்குக் கிடைத்ததில்லை. எனவே சனிக்கிழமை எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் நடந்த ஒரு கல்யாணப் பூசைக்கு, தொழில்முறையில் பயன்படுத்தும் பெரிய ரெக்கார்டர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி வந்தார். அரிசி மூட்டை கனம். அதன் டேப் புத்தகம் அளவு பெரியது, எங்கள் வீட்டு மெஷினுக்குள் நுழையாது. பூசை முடிந்த கையோடு நண்பர் வந்து பெட்டியை எடுத்துக்கொள்வார். எடுத்ததைத் திங்கட்கிழமைக்கு முன்னால் பார்க்க வழியே இல்லை.

கோயில் படியில் வைத்து, பெட்டியின் பொத்தான் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் கத்தினார். "ஒனக்கு என்ன தெரியும்? தூக்கறது மட்டுந்தான் ஒன் வேலை. வாயத் தொறக்காம வா!" எனக்கு முகமெல்லாம் எரிந்தது. தினமும் அறுநூறு பலகை சோதிக்கிறவளைப் பார்த்து என்ன தெரியும் என்கிறாரே என்று உள்ளே பொருமிக்கொண்டு, ஓரத்து பெஞ்சில் பெட்டியோடு உட்கார்ந்தேன்.

மணப்பெண் உள்ளே நுழைந்தபோதே கண்டுகொண்டேன். அண்ணன் கேமராவைத் தூக்கிப் பொத்தானை அழுத்தினால் பெட்டியில் டேப் ஓடுவதைக் காட்டும் எண் நகராமல் நின்றது. நிறுத்திவிட்டுக் கேமராவைத் தாழ்த்தினால் எண் ஓடியது. அந்தக் கேமராவும் அந்தப் பெட்டியும் வெவ்வேறு கம்பெனி. இது ஓடு என்றால் அது நில் என்று எடுத்துக்கொள்ளும். இப்படி ஆகும் என்று அண்ணனுக்கும் தெரியாது, பெட்டியைக் கொடுத்தவருக்கும் தெரியாது. கேமராவுக்குள் தெரியும் சிவப்பு விளக்கு ஒழுங்காக எரிந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்ததும் அண்ணன் கேமராவை என் மடியில் வைத்துவிட்டு சிகரெட் பிடிக்க வெளியே போனார். தாலி கட்ட இன்னும் கால்மணி நேரம் இருந்தது. திரும்பி வந்ததும் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பொத்தானை மாற்றி அழுத்தியிருப்பார். வந்தார். "தள்ளு" என்றார். நான் தள்ளி உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை மாலை அவர் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் நின்றார். உள்ளே ஒரு சீனரும் இரண்டு வெள்ளைக்காரர்களும் இருந்தார்களாம், முழு டேப்பையும் பொறுமையாகப் பார்த்தார்களாம். "படம் விழல" என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அந்த மாதமே கேமராவை விற்றார். ஓய்வு பெறும்வரை கிடங்கிலேயே இருந்தார். நானோ ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இந்த வருஷம் சொல்லிவிட வேண்டும் என்று போவேன், கேக்கைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன். கோபத்தில் செய்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கோபம் தாலிக்கு முன்பே தணிந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும்.

போன மாதம் அண்ணன் குவீன்ஸ்டவுன் வீட்டைக் காலி செய்து தெம்பனிஸில் மகளோடு குடியேறினார். சாமான் கட்ட உதவப் போனபோது புத்தகம் அளவு டேப் ஒன்றை என் கையில் வைத்தார். "ஒன் சாமான் ஒண்ணு எங்கிட்ட கெடக்கு. எடுத்துட்டுப் போ." பழைய டேப்புகளை மாற்றித்தரும் கடையில் கொடுத்து வாங்கி, நேற்று வீட்டில் தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். தரை. பெஞ்சின் கால்கள். யாருடைய பட்டுக் கரையோ. பிறகு நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும் என் செருப்பு. சாமியார் தூரத்தில் பிரசங்கம் செய்கிறார். அதன்மேல், மடியில் கிடந்த கேமராவின் மைக்குக்கு ஒரு சாண் மேலே, பெஞ்சில் பக்கத்தில் இருந்த தோழியிடம் நான் கிசுகிசுப்பது கேட்கிறது.

"பொட்டி தலைகீழா ஓடுதுடி. ஒண்ணுமே பதியல. நான் ஏன் சொல்லணும்? வாயத் தொறக்காதன்னாருல்ல, நல்லா அனுபவிக்கட்டும்."

அந்தத் திங்கட்கிழமை, டேப்பைப் போட்டுப் பார்த்த அந்த அறையில் தமிழ் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான்.

உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். கடைசியில் போன் போட்டேன். "அண்ணே, கேட்டேன்" என்றேன். அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"சத்தம் எவ்ளோ தெளிவா இருக்கு பாத்தியா?" என்றார். "நான் சொன்னேன்ல. நல்ல பொட்டி லா அது."