முழு எடை வைத்த நாள்

என் அக்கா புருஷன் தராசு ரிப்பேர் செய்பவர். மார்க்கெட் தெருவில் அவர் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அவர் தும்மினால் என் கை ஊசி தவறும். நான் போனில் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். அதனால் இருபது வருஷமாக, சொல்லக்கூடாததை வாயைத் திறக்காமல் முடித்துக்கொள்ளப் பழகிவிட்டேன். அந்தப் பழக்கம் கடைசியில் யார் தலையில் விடிந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மாமா எதையும் எடை போட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார். அவருக்குப் பெண் பிறந்தபோது, பிரசவ வார்டு நர்ஸ் குழந்தையைத் தராசில் வைத்துக் காட்டினாள். மனிதர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்குள் தராசைப் பார்த்துவிட்டார். "இது முப்பது கிராம் குறைச்சுக் காட்டுதும்மா" என்றார். நர்ஸ் அவரை வெளியே போகச் சொன்னாள். மறுநாள் தன் பித்தளை எடைக்கல் பெட்டியோடு போய், முப்பது கிராம் குறைவதை எல்லார் முன்னாலும் நிரூபித்து, தராசைச் சரிசெய்து கொடுத்த பிறகுதான் பிள்ளையைக் கையில் வாங்கினார். அக்கா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் வேலையில் ஒரு விதி உண்டு. எந்தத் தராசு வந்தாலும் முதலில் சின்னக் கல், அப்புறம் பாதி எடை, கடைசியில் அந்தத் தராசு தாங்கக்கூடிய முழு எடை. மூன்றும் சரியாக வந்தால்தான் "சரி" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரும். ஒருமுறை பழைய பேப்பர் கடைக்காரர் தன் தராசைக் கொண்டுவந்தார். ஐந்து கிலோவுக்குச் சரி. பத்து கிலோவுக்கும் சரி. இருபத்தைந்து வைத்தபோது இரண்டு கிலோ குறைந்தது. தட்டுக்கு அடியில் யாரோ ஒரு ஸ்குருவை ஏற்றி வைத்திருந்தார்கள். பாரம் கூடினால் தட்டு அதில் முட்டி நின்றுவிடும்.

"பத்து கிலோ வரைக்கும் இவன் உத்தமன், மாப்ள. அதுக்கு மேலதான் புத்தியக் காட்டுறான்" என்று அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தெருவில் எல்லார் கையிலும் போன் வந்து, போனுக்குள் காசு பண்ணும் வழிகள் வரத் தொடங்கியதும், ஆட்கள் தராசோடு போனையும் அவரிடம் நீட்ட ஆரம்பித்தார்கள். கரண்ட் பில் கட்டச் சொன்ன ஒரு இணையதளத்தை அவர் முதல் நாளே போலி என்று கண்டுபிடித்தார். அதில் வெறும் பத்து ரூபாய் கட்டிப் பார்த்தார். பில் அப்படியே இருந்தது. இன்னொன்றில் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டார். எடுத்தது ஒரு பல் டாக்டர். அதற்குப் பிறகு தெருவில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. கொஞ்சம் பெருமை அவருக்கும் ஏறியிருந்தது. நான்தான் கிண்டல் செய்வேன்: "என்ன மாமா, போனையும் தட்டுல வெக்கிறீங்களா?"

நான் சொல்ல வந்த தளத்தைக் கொண்டுவந்தது காய்கறிக் கடைக்காரர். முன்னே பின்னே பார்க்காத பொருள்களுக்கு 'நல்ல பொருள்' என்று நட்சத்திரம் போடும் வேலை. முதலில் நாம் கொஞ்சம் பணம் போட வேண்டும். எவ்வளவு போடுகிறோமோ அந்த அளவுக்குத் தினமும் கூலி ஏறும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது.

"நாங்க நாப்பது கடைக்காரங்க தயாரா இருக்கோம், அண்ணே. நீங்க பாத்து ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றார் காய்கறிக் கடைக்காரர்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தளம் தொடங்கி நாலு மாசம்தான் ஆகியிருந்தது. முதலாளி பெயர் எங்கேயும் இல்லை. விலாசம் இருந்தது, தேடிப் பார்த்தால் போர்டே இல்லாத ஒரு கட்டடத்தின் படம் வந்தது. இவ்வளவும் போதாதா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அவருக்குப் போதவில்லை. துருப்பிடித்து அழுக்கேறிய தராசு ஒரு கிராம் தப்பாமல் காட்டுவதையும், பளபளவென்று வரும் புதுத் தராசு பொய் சொல்வதையும் தினம் பார்க்கிறவர் அவர்.

"மேலுக்குப் பாத்து என்ன ஆகுது? கல்ல வெச்சாதான் தெரியும்" என்றார்.

நூறு போட்டார். மறுநாள் கூலியோடு திரும்பி வந்தது. ஆயிரம் போட்டார், அதுவும் வந்தது. அது விடுமுறை நாள், பேங்கெல்லாம் பூட்டியிருந்தது. எடுக்கிறேன் என்று அமுக்கிய இரண்டாவது நிமிஷத்தில் பணம் வந்து விழுந்தது. மாமா போனைக் கீழே வைத்தார்.

"நல்ல தராசுன்னா முள்ளு கொஞ்சம் ஆடித்தான் நிக்கும், மாப்ள. இது ஆடவே இல்ல" என்றார்.

நான் சிரித்தேன். சீக்கிரம் வந்தாலும் குற்றமா என்று கேட்டேன். எனக்கு அவசரம். துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்க இரண்டு வருஷமாகச் சேர்த்த பணம் என்னிடம் இருந்தது. ஆயிரம் திரும்பி வந்த அன்றைக்கே, தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒரு சத்தமும் இல்லாமல் அதை முழுசாக அந்தத் தளத்தில் போட்டேன். அவர் முழு எடை வைத்துப் பார்க்கட்டும் என்று காத்திருக்கப் பொறுமை இல்லை. தினமும் திரையில் தொகை ஏறியது. ஒரு வாரம் கழித்து எடுக்கப் போனேன். "சரிபார்ப்பில் உள்ளது" என்று வந்தது. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. ஒன்பது நாள் அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதை மாமாவிடம் சொல்லியிருக்கலாம். தடுப்பைத் தட்டி, "மாமா, என் பணம் மாட்டிக்கிச்சு" என்றால் முடிந்தது. எப்படிச் சொல்வது? இத்தனை வருஷம் நான் கிண்டல் செய்த மனிதர். மூக்கு உடைபட்டதைப் போய்க் காட்ட மனம் வரவில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதற்கிடையில் அக்காவின் விஷயம். அவள் ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். மற்றவர்களின் ரத்தத்தையும் வாந்தியையும் வெந்நீரில் துவைத்துத் துவைத்துக் கைரேகையே தேய்ந்துவிட்டது. ரிட்டயர் ஆகி வந்தபோது மொத்தமாக ஒரு தொகை கொடுத்தார்கள். அந்தச் சமயம் பார்த்து மாமாவின் கடைக்குச் சொந்தக்காரர் இடத்தை விற்கப் போகிறேன் என்றார். உங்களுக்குத்தான் முதல் பேச்சு, வெள்ளிக்கிழமை பதிவு, அதைத் தாண்டினால் வேறு ஆள் காத்திருக்கிறார் என்றும் சொன்னார். அக்காவின் பணமும் கடையின் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பதிவுச் செலவுக்குத்தான் கொஞ்சம் இடித்தது.

அந்த வாரத் திங்கட்கிழமை. மாமா பத்தாயிரமும் போட்டு எடுத்துவிட்டிருந்தார். காய்கறிக் கடைக்காரர் தினம் நாலு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் மனைவியின் வளையலை அடகு வைக்கத் தயாராக இருந்தார். பாதி எடையோடு "சரி" சொல்ல மாமாவால் முடியவில்லை.

காலையில் அக்கா கடைக்கு வந்திருந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசியது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"ஒரு நாள் போதும். இப்ப வெச்சு சாயந்திரம் எடுத்துடுறேன். நாப்பது பேரு குடும்பம் என் வாயப் பாத்துட்டு நிக்குது. முழு எடை வெக்காம எப்படிச் சொல்றது?"

"அதுக்கு என் காசுதான் கெடச்சுதா?"

"நம்மகிட்ட வேற பெரிய கல்லு ஏது? ஒரு நாள் கூலி வந்தா பதிவுச் செலவுக்கும் ஆகும்."

"திரும்பி வருமாங்க?"

"வெச்ச கல்லு தட்டுல இருந்து எங்க போகும்? எடுத்தா கைக்கு வந்துட்டுப் போவுது."

முப்பது வருஷமாக அவர் வைத்த கல் எல்லாம் அவர் கைக்கே திரும்பி வந்திருக்கிறது. தராசு பொய் சொல்லும், கல்லைத் தின்னாது. அந்த மனிதருக்குத் தெரிந்த உலகத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

அக்கா நேராக என் கடைக்கு வந்தாள். நான் ஒரு காலர் தைத்துக்கொண்டிருந்தேன். "நீ என்னடா சொல்ற? நீயும் பாத்துட்டுத்தானே இருக்க?" என்று கேட்டாள்.

என் சட்டைப் பையில் போன் இருந்தது. போனில் அந்த இரண்டு வார்த்தை இருந்தது. நான் தலையைத் தூக்கவில்லை.

"மாமா பாத்தா சரியாத்தான் இருக்கும்க்கா."

பன்னிரண்டு மணிக்கு மாமா பணத்தைப் போட்டார். போட்டுவிட்டுப் போனை எடைக்கல் பெட்டி மேல் வைத்தார். பன்னிரண்டே முக்காலுக்கு என் போன் அதிர்ந்தது. பார்த்தேன். என் பணம் வந்திருந்தது. ஒன்பது நாளாக அசையாத பணம், கூலியோடு, ஒரு காசு குறையாமல். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தளம் நல்ல தளம்தான், நான்தான் வீணாகப் பயந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சாயந்திரம் மாமா எடுக்கப் போனார். "சரிபார்ப்பில் உள்ளது" என்று வந்தது. அவர் எனக்கு அதைக் காட்டினார். இரண்டு நாள் அப்படியே போனது. தளத்தில் உதவி செய்கிறேன் என்று எழுதும் ஒரு பெண் இருந்தாள். அவள் பெண்தானா என்பதும் யாருக்குத் தெரியும். ஒவ்வொரு வரியிலும் அண்ணா, அண்ணா. பெரிய தொகை என்பதால் முதலில் ஐந்தில் ஒரு பங்கு வரி கட்ட வேண்டும் அண்ணா. கட்ட முடியவில்லையா அண்ணா, கவலை வேண்டாம். உங்கள் தெருவில் உங்களை நம்புகிறவர்கள் நிறையப் பேர் என்று சொன்னீர்களே. பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால் வரியே வேண்டாம், அன்றைக்கே உங்கள் பணம் வந்துவிடும்.

மாமா அதை எனக்குப் படித்துக் காட்டியபோது அவர் குரல் சாதாரணமாக இருந்தது. பத்துப் பேர் போதுமாம். இங்கே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் காய்கறிக் கடைக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். அக்கா உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணே, போடலாமா?"

மாமா அக்காவைப் பார்த்தார். அவள் தன் தேய்ந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவள் பணம் வரலாம். வராமலும் போகலாம். நான் தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் "சரி" என்று சொல்லிவிட மாட்டாரா என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"போடாதீங்க. யாரும் போடாதீங்க. முழு எடைக்கு நிக்கல" என்றார் மாமா.

"அப்ப நீங்க போட்டது?"

"அது போச்சு."

பிறகு காய்கறிக் கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேள அண்ணே, நீங்க போட்டுப் பாத்தீங்க" என்றார். நன்றியோடுதான் சொன்னார். அக்கா எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்துக்குப் போனது வேறு ஆள். அடுத்த மாதம் மாமாவின் கடை போன் விற்கும் கடையாக மாறியது. தடுப்புக்கு இந்தப் பக்கம், என் கடை மூலையில், பித்தளைக் கல் பெட்டியை வைத்துக்கொண்டு மாமா உட்கார்ந்தார். அக்கா தினக்கூலிக்கு மறுபடியும் அதே சலவைப் பகுதிக்குப் போகிறாள்.

நான் சொல்லாமல் விட்ட அந்த இன்னொரு காரணம் இதுதான். அக்கா என் முன்னால் நின்று கேட்டபோது, புதுப் பணம் உள்ளே போனால் நம் பணம் வெளியே வருமோ என்று ஒரு நினைப்பு வந்து போனது. ஒரு கணம்தான். அந்த நினைப்பு வரவில்லை என்று சொன்னால் பொய். எனக்கு வந்ததும் அந்தப் புதுப் பணம்தான். அக்காவின் இருபத்திரண்டு வருஷத்திலிருந்து என் பங்கைப் பிய்த்து எனக்குக் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

அதில் ஓவர்லாக் மெஷின் வாங்கி, வீட்டில் மறைத்து வைத்திருந்து, மாமாவின் கடை போன பிறகுதான் தையல் கடைக்குக் கொண்டுவந்தேன். அக்கா வந்து தொட்டுப் பார்த்து, "நீயாவது உருப்படியா ஒண்ணு வாங்கினியே" என்றாள். போன மாதம் அது சத்தம் போட்டது. மாமா எண்ணெய் விடுவதற்காக மெஷினைத் திருப்பினார். அடியில் கடைக்காரன் ஒட்டிய சீட்டில் வாங்கிய தேதி இருந்தது. அவர் முழு எடை வைத்த நாளுக்கு மறுநாள். அதற்கு முந்தின ஒன்பது நாளும் மெஷின் கடைக்காரனிடம் 'பணம் இன்னும் கைக்கு வரல' என்று நான் போனில் சொன்னது தடுப்பு வழியாக அவர் காதில் விழுந்ததுதான். மாமா அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு எண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, துணியால் துடைத்து வைத்தார்.

இப்போதும் ஆட்கள் போனை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். புதுசாக ஒன்று வந்திருக்கிறது அண்ணே, நம்பலாமா என்று கேட்கிறார்கள். மாமா போனைத் தொடுவதில்லை. எடைக்கல்லைத் துடைத்தபடி, தலையைத் தூக்காமல், என் பக்கம் கையைக் காட்டுகிறார்.

"மாப்ளையக் கேளுங்க. பணம் எப்ப வரும், எப்ப வராதுன்னு அவருக்குத்தான் தெரியும்."

நான் மெஷினை மிதிக்கிறேன்.