சந்தை நாளில் வரும் டாக்டர்

இன்று வேலந்தாவளத்தில் மாட்டுச்சந்தை. எமர்ஜென்சி புண்ணியத்தில் பஸ் நேரத்துக்கு வந்தது. அண்ணனோடு ஏறினேன்.

"ஏனுங்க, மாடு புடிக்கப் போறீங்களா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க."

உண்மையில் போனது சந்தைக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு. மாதம் ஒரு சந்தையன்று மனநோய் டாக்டர் அங்கே வருகிறார். நோயாளிகள் நாங்களும் யார் கண்ணிலும் படாமல் கூட்டத்தோடு கூட்டமாக வந்துபோகட்டும் என்று அவரே செய்த ஏற்பாடு.

போன வருஷம் என் கையைக் கட்டித் தூரத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்று ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன்.

அண்ணன் எனக்காகப் பேச ஆரம்பித்ததும் டாக்டர், "நீங்க இருங்க, அவரு சொல்லட்டும்" என்றார். என் சீக்கைப் பற்றி என்னையே கேட்டவர் இவர்தான்.

திரும்பும்போதும் அதே கண்டக்டர். "இந்த வாட்டியும் மாடு அமையலீங்களா?"

மாடு வாங்கத் தெரியாதவன் என்று ஊர் பேசும். பேசட்டும். முன்பு எனக்கு வைத்திருந்த பெயருக்கு இது எவ்வளவோ தேவலை, இல்லையா?