எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தியவர்

அந்தமானில், லாங் ஐலண்ட் டிஸ்பென்சரியில் நான் நர்ஸாக இருந்த வருஷங்களில் மனமாரத் திட்டியது ஒரே ஒரு மனிதரைத்தான். நோயாளிகளைத் திட்டியது இதில் சேராது, அது தொழில். நான் திட்டியது எங்கள் ஊர் ஃபுட்பால் டீமின் மேனேஜரை. முகத்துக்கு நேராகவும் திட்டினேன், முதுகுக்குப் பின்னாலும் திட்டினேன். அதில் பாதிக்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. மறு பாதியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம். தீவில் ஒரு மர மில், அதைச் சுற்றிக் குவார்ட்டர்ஸ், ஒரு ஜெட்டி, ஒரு டீக்கடை, எங்கள் டிஸ்பென்சரி. கப்பல் வந்தால்தான் கடிதம். மழைக்காலத்தில் கப்பலும் நிச்சயமில்லை. அந்த மழையோடு ஃபுட்பால் வந்துவிடும். மில்லை ஒட்டிய மைதானம் சேறாகிப்போகும். மில்லிலிருந்து மரத்தூளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டி, அதன் மேல் ஆடுவார்கள். மறுநாள் காலையில் தூள் அப்பிய முழங்கால் புண்களோடு என் முன்னால் வரிசையாக வந்து நிற்பார்கள். டிங்ச்சர் போட்டுக்கொண்டே, "அந்தப் பந்தை ஏன் விட்டீங்க?" என்று கேட்பேன். திருநெல்வேலியில் மூன்று அண்ணன்களுக்குப் பந்து பொறுக்கிப்போட்டு வளர்ந்தவள் நான். எனக்கு ஆட்டம் தெரியும்.

மேனேஜர், மில்லின் ஸ்டோர் கீப்பர். தூத்துக்குடிக்காரர், ஐம்பதை நெருங்கியவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் எல்லோரையும் போல என்னை சிஸ்டர் என்பார். அவருக்குத் தெரிந்த ஆட்டம் ஒன்றுதான். கோலியைத் தவிர எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்துவார். முன்னால் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் பந்து வராமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பக்கத்துத் தீவில் இருக்கும் ரங்கத் ஊர்க்காரர்களோடு வருஷத்துக்கு இரண்டு ஆட்டம், அவர்கள் ஊரில் ஒன்று, எங்கள் ஊரில் ஒன்று. அந்த வருஷம் முதல் ஆட்டம் அவர்கள் ஊரில். படகில் போய், பிறகு லாரியில் ஏறி, நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தோம். கடைசி ஐந்து நிமிஷம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்புறம் எங்கள் எட்டுப் பேரில் ஒருவருடைய இடுப்பில் பட்டு பந்து எங்கள் கோலுக்குள்ளேயே போனது. தோற்றோம்.

திரும்பி வரும் படகில் யாரும் சும்மா இருக்கவில்லை. டீக்கடை பாய் ராமநாதபுரத்துக்காரர். கடையைச் சாத்திவிட்டு ஆட்டம் பார்க்க வந்தவர். சொந்தக் காசு திருடுபோனது போலக் கத்தினார்.

"எட்டுப் பேரு நின்டு என்னத்தக் காத்தாய்ங்க? ஊரு காவலுக்கு நாலு நாய் போதுமேய்யா!"

வங்காளி தச்சர் ஒருவர், "ஃபார்வர்ட் கஹாங் ஹை? ஃபார்வர்ட்!" என்று, முன்னால் ஆட ஆள் எங்கே என்று படகின் பலகையைத் தட்டித் தட்டிக் கேட்டார். மேனேஜர் முன்பக்கம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, நாம கோல் போடப் போறமா, இல்ல கோல் வாங்காம இருக்கப் போறமா?"

"இருக்க ஆளை வச்சு ஆடுதோம் சிஸ்டர்."

"ஆள் இருக்கே. நீங்கதான் எறக்க மாட்டேங்கிய."

நான் யாரைச் சொன்னேன் என்று படகில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மில்லில் மரம் உருட்டும் ராஞ்சிக்காரன் ஒருவன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன், அக்கா என்பதற்கு என்னை தீதி என்று கூப்பிடுவான். நிரந்தர வேலை இல்லை, தினக்கூலி மஸ்தூர். வேலை விட்டதும் வெறுங்காலோடு மைதானத்துக்கு வந்து மற்றவர்களோடு ஆடுவான். இடது ஓரத்தில் அவன் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால் நிரந்தர வேலைக்காரர்கள் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். துரத்திப் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவனை மேனேஜர் ஒரு ஆட்டத்துக்கும் பட்டியலில் சேர்க்கவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. டீக்கடை பெஞ்சில் கொட்டைப்பாக்குகளை ஆட்களாக அடுக்கிவைத்து ஒவ்வொருவரும் ஒரு டீம் போட்டார்கள். பாய் ஐந்து பாக்கை முன்னால் வைப்பார். தச்சர் ஒன்றைப் பின்னுக்கு இழுப்பார். எப்படி அடுக்கினாலும் இடது ஓரத்துப் பாக்கு அவன்தான். அப்படி ஒரு மாலை மேனேஜர் டீ குடிக்க உள்ளே வந்தார். நான் நேராகவே கேட்டேன்.

"அவனை ஏன் எறக்க மாட்டேங்கிய?"

"அவன் வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா விடுங்க சிஸ்டர்."

"கூலிக்காரன், ராஞ்சிக்காரன், அதான காரணம்? பெர்மனென்ட் ஆளுக்குத்தான் கால் இருக்கு, மஸ்தூருக்குக் கெடையாதோ?"

அவர் முகம் கறுத்தது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த மௌனத்தை நாங்கள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டோம். "பாத்தியாம்மா, வாயே தொறக்கல" என்றார் பாய். எனக்கு ரத்தம் கொதித்தது. மரம் உருட்ட மட்டும் அவன் வேண்டும், சட்டை போட்டு மைதானத்தில் இறங்க வேண்டாமா?

அன்றே ஒரு மனு எழுதினேன். மில்லின் பெரிய அதிகாரிக்கு, இங்கிலீஷில். திறமை உள்ளவரை வேலையின் தகுதி பார்த்து ஒதுக்குவது நியாயமா என்று கேட்டிருந்தேன். எழுதியதை நானே இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவு பெருமை. முதல் கையெழுத்து என்னுடையது. பெஞ்சில் இருந்த எல்லோரும் போட்டார்கள். அதிகாரிக்கும் ரங்கத்தை ஜெயிக்கும் ஆசை இருந்தது. மறுநாளே உத்தரவு வந்துவிட்டது. அவனிடம் சொன்னபோது, "சச், தீதி?" என்று, நிஜந்தானா என்று இரண்டு தடவை கேட்டான். மேனேஜர் ஸ்டோரிலிருந்து அவனுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன்.

ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மழை. ரங்கத்துக்காரர்கள் ஒரு படகு நிறைய ஆட்களோடும் ஒரு மேளத்தோடும் வந்து இறங்கினார்கள். முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். எங்கள் ஆட்கள் பந்தை இடது ஓரத்துக்கு அனுப்பவே இல்லை, பழக்கம் இல்லை. "லெஃப்ட்! லெஃப்ட்ல குடு!" என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். நான் செவிலி என்பதே எனக்கு மறந்துவிட்டது.

இரண்டாம் பாதியில் பந்து போனது. அவன் மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு போய் அடித்தான். சமம். பாய் என் குடையைப் பிடுங்கி வானத்தில் எறிந்தார். முடிய கொஞ்ச நேரம் இருக்கும்போது மறுபடியும் அவன் காலுக்குப் பந்து வந்தது. கோலுக்கு முன்னால் அவன் அடித்த அதே கணத்தில் ரங்கத்து பேக் ஆட்டக்காரன் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு மரத்தூளில் வழுக்கி வந்து மோதினான். பந்து உள்ளே போனது. எல்லோரும் குதித்தார்கள். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் கேட்டது. எலும்பு முறியும் சத்தம் எனக்குத் தெரியும்.

ஓடினேன். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிருந்தது. மில்லிலிருந்து நீளமாக இரண்டு பலகைத் துண்டு கொண்டுவரச் சொல்லி, என் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினேன். அவன் கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது மைதானத்திலிருந்து ஆரவாரம் கேட்டது. மேனேஜர் மீதி இருந்தவர்களை எல்லாம் பின்னால் நிறுத்தி ஆட்டத்தைக் காப்பாற்றிவிட்டார். ஜெயித்தோம். ஜன்னலை அறைந்து சாத்தினேன்.

மறுநாள் காலை லாஞ்சில் அவனை போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நான்காம் நாள் மில்லின் டைம் கீப்பர் வந்து சொன்னார், "நாம் காட் தியா, சிஸ்டர்." பதிவேட்டிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டார்கள். வேலை இல்லை, திரும்பி வந்தால் தங்க இடமும் இல்லை.

அப்படியே அதிகாரியின் அறைக்குப் போனேன். அவர் நிதானமாக ஹிந்தியில் பேசினார். அது விளையாட்டு, வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை, வேலை நேரமும் இல்லை. தினக்கூலி ஆளுக்கு விடுப்பு என்று ஒன்று கிடையாது. நான் குரலை உயர்த்தியதும், ஃபைலைத் திறந்து என் மனுவை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். "பெஹ்லா தஸ்த்கத் ஆப்கா ஹை நா?" முதல் கையெழுத்து என்னுடையதுதானே என்று கேட்டார். அன்றைக்கு அந்த மேஜையை நான் கவிழ்க்காமல் வந்தது எப்படி என்று எனக்கு இன்னும் தெரியாது.

அங்கிருந்து ஸ்டோருக்குப் போனேன். மேனேஜர் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தார்.

"உங்களுக்குத் தெரியும், இல்லியா?" என்றேன்.

"தெரியும். நீங்க வாரதுக்கு முந்தின வருஷம் இன்னொரு மஸ்தூர். தோள்பட்டை எலும்பு. இதே மாதிரிதான் பேர அடிச்சிட்டாவ. நான் எழுதிப் பாத்தேன், நடக்கல. ஊருக்குப் போயிட்டான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், கூலி ஆளை எறக்கதில்லன்னு."

"அப்ப ஏன் சொல்லல?"

"கேட்டீயளே, கூலிக்காரன்னுதான எறக்கலன்னு. அதுக்குமேல நான் என்ன சொல்ல?"

"என்ன சொல்லவா? இதைச் சொல்லியிருக்கணும்! ரோசம் பெரிசாப் போச்சா உங்களுக்கு? நான் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா, அதுக்காக ஒருத்தன் கால் போறதைப் பாத்துட்டு நிப்பியளா?"

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்தும் எனக்குக் கோபம் குறையவில்லை. அவர் மேல், அந்த அதிகாரி மேல், எல்லாவற்றுக்கும் மேல் என் அழகான இங்கிலீஷ் மனுவின் மேல்.

டீக்கடையில் பாக்குகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது மாயாபந்தர் ஊரோடு ஆட்டம், இடது ஓரத்தில் யாரைப் போடலாம் என்று பேச்சு. பெஞ்சில் இருந்ததை எல்லாம் ஒரே வீச்சில் தரையில் தள்ளினேன். "கையெழுத்துப் போட்ட கைதான இது? அவன் பேரை யாராவது சொன்னீங்களா?" பாய் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தாம்மா" என்றார்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் அதிகாரியிடம் போய், டீம் மாயாபந்தருக்கு வராது என்று சொல்லிவிட்டார். நின்றே சொன்னாராம். ஆட்களும் அப்படியே நின்றார்கள், ஒருவர்கூட சட்டை வாங்கவில்லை. மேலிடத்திலிருந்து விருந்தாளிகள் பார்க்க வரும் ஆட்டம் அது. அதிகாரி முதலில் மிரட்டினார், பிறகு கெஞ்சினார். கடைசியில், ராஞ்சிக்காரன் திரும்பி வந்தால் மர யார்டு கேட்டில் வாட்ச்மேனாக எடுத்துக்கொள்வதாக எழுத்தில் கொடுத்தார். அப்போதும் தினக்கூலிதான். ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களுக்கு ஒன்றும் இல்லை. ஊரில் சிலர் இதை வெற்றி என்றார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஐந்து மாதம் கழித்து அவன் கோலூன்றிக்கொண்டு ஜெட்டியில் இறங்கினான். ஒரு கால் குட்டையாகிவிட்டது. மறுநாள் யார்டு கேட்டுக்குப் போய், மனு எழுதியது நான்தான், முதல் கையெழுத்து என்னுடையது என்று சொன்னேன். அவனுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது. அவன் கேட்டது வேறு. அடித்த கணத்தில் கீழே விழுந்துவிட்டான், கண்ணெல்லாம் மரத்தூள். அந்த இரண்டாவது கோல் எப்படிப் போனது என்று அவன் பார்க்கவில்லையாம். யாரும் சரியாகச் சொல்லவில்லையாம்.

"ஆப் நே தேகா தா, தீதி?"

பார்த்தேன் என்றேன். கோலி இடது பக்கம் சாய்ந்ததை, பந்து அவன் விரலை உரசிக்கொண்டு இடது கம்பத்தில் பட்டு உள்ளே திரும்பியதை, எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். தொடங்கினேன். அந்த நேரத்தில் அதிகாரியின் ஜீப் வந்து ஹார்ன் அடித்தது. அவன் கோலை ஊன்றி எழுந்து கேட்டைத் திறக்கப் போனான். நான் வழியிலிருந்து நகரவில்லை. ஹார்ன் இரண்டாம் தடவை அடித்தது, மூன்றாம் தடவை அடித்தது. நான் சொல்வதை அவன் முழுசாகக் கேட்டு முடிக்கும்வரை நான் அங்கேயேதான் நின்றேன்.