தப்பான கோலுக்குக் குதித்தேன்

ஐம்பத்தெட்டு வயதில் எனக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்ததற்கு என் மருமகள்தான் காரணம். தாம்பரத்தில் அவள் ஆடுவதை முதன்முறை பார்க்கப் போனபோது, இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும் என்பது எனக்குத் தெரியாது. பந்து வலைக்குள் போனதும், "கோல்!" என்று குதித்தேன்.

பக்கத்திலிருந்த பெண்மணி என்னைக் கட்டிக்கொண்டார். "நீங்களும் எங்க டீமா?"

எதிரணிக்காரர்!

கடைசியில் மருமகள் கோல் அடித்தபோது மறுபடியும் தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் நான் வாயே திறக்கவில்லை. அவளே என்னைப் பார்த்து, "அத்தை, இது நம்ம கோல்! கத்துங்க!" என்றாள். நான் கத்தியது குரோம்பேட்டை வரை கேட்டிருக்கும்.

இப்போதெல்லாம் இடைவேளை முடிந்ததும் எங்கள் கோல்கீப்பர் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று பார்த்துக்கொள்கிறேன். யாராவது "உங்க பொண்ணாம்மா?" என்றால், "மருமக!" என்று மைதானத்துக்கே கேட்கும்படி சொல்கிறேன்.